உம்மணாமூஞ்சி கிடைக்கவில்லை

என் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் முழிப்பேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவனிடம் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? கம்ப்யூட்டரில் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆனால் இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. மற்றவர்கள் பாடுபட்டால் புதிதாக ஏதாவது வரும். இவள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு பாடுபட்டால் எல்லாம் நேற்று இருந்த மாதிரியே இருக்கும். அப்படி இருந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அவள் அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. ஸ்கூல் வண்டிகளுக்கான ஆப் ஒன்றைச் செய்து பல பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். நான் ஓட்டும் பள்ளியிலும் அதுதான். ஸ்டாப் வந்ததும் என் போனில் குழந்தையின் படம் வரும். அதற்குக் கீழே பச்சை எழுத்தில், குழந்தையை யார் கையில் கொடுக்க வேண்டுமோ அவருடைய பெயரும் படமும் வரும். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மா அந்த முகத்தைப் பார்த்து ஒப்படைப்பார், நான் பட்டனைத் தட்டுவேன், வண்டி நகரும். என் பெண்டாட்டி செய்த பொருளை நான் தினமும் கையில் வைத்திருக்கிறேன் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அவளுக்கு அந்த ஆபீசில் ஒரு தனிப் பதவி உண்டு. யாரும் எழுதிக் கொடுத்த பதவி அல்ல. எந்த வேலையை மற்றவர்கள் தொடப் பயப்படுகிறார்களோ, எந்த வேலையைச் செய்தால் ஒருத்தரும் பாராட்ட மாட்டார்களோ, அது நேராக இவள் மேஜைக்கு வந்துவிடும். புது ஆப், புது டிசைன், கைதட்டல் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. பழசைத் தூசி தட்டுவது இவளுக்கு. "அக்கா பொறுமையா பண்ணுவாங்க" என்பார்களாம். பொறுமையாம்! வீட்டில் ஒரு டீ ஆறினால் இவளுக்கு வருகிற கோபத்தை அவர்கள் பார்த்ததில்லை.

இந்தத் தடவை வந்தது பெரிய வேலை. அந்த ஆப் எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மொழிக்கே புது வெர்ஷன் வந்துவிட்டது. பழையதில் இனி வண்டி ஓடாது என்று கெடுவும் வைத்துவிட்டார்கள். புது வெர்ஷனில் பல கட்டளைகளுக்குப் பெயரை மாற்றியிருந்தார்கள். ஆப்பில் அந்தப் பெயர்கள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பழைய பெயரை எடுத்துப் புதுப் பெயரை வைக்க வேண்டும். கம்ப்யூட்டரே ஒரேயடியாக மாற்றிவிடாதா என்று கேட்டேன்.

"மாத்தும். கண்ணை மூடிக்கிட்டு மாத்தும். அதான் பயம்" என்றாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் அவள் லேப்டாப், மறுபக்கம் நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயம். வலது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தாள். மவுஸ் பிடித்துப் பிடித்து அந்தக் கை போய்விட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். வெளியூரில் படிக்கும் எங்கள் மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா வேலையா இருக்கா" என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

"அப்படி என்னதான் பயம்?"

எழுந்து போய் அடுக்களையிலிருந்து சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். ரெண்டும் ஒரே மாதிரி டப்பா. ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் எடுப்போம்.

"ரெண்டு கட்டளை இருக்கு. ஒண்ணு, 'இந்த லிஸ்ட்ல இருக்கறவங்களை மட்டும் காட்டு'. இன்னொண்ணு, 'இந்த லிஸ்ட்ல இருக்கறவங்களை விட்டுட்டு மத்தவங்களைக் காட்டு'. புது வெர்ஷன்ல இது பேரை அதுக்கும் அது பேரை இதுக்கும் வெச்சுட்டாங்க. உப்பு டப்பாவுல இனிமே சர்க்கரைன்னு ஒட்டணும், சர்க்கரை டப்பாவுல உப்புன்னு ஒட்டணும்."

"பைத்தியக்காரத்தனமா இருக்கே!"

"அவங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும். அதை விடுங்க. வீடு பூரா ஆயிரம் டப்பா இருக்குன்னு வெச்சுக்கங்க. முதல்ல உப்புன்னு இருக்கற எல்லாத்தையும் சர்க்கரைன்னு மாத்தறீங்க. இப்ப எல்லா டப்பாவுலயும் சர்க்கரைன்னு இருக்கு. இதுல பழைய சர்க்கரை எது?"

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன். மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது.

"அதனால முதல்ல உப்புக்கெல்லாம் மூணாவதா ஒரு பேர் ஒட்டணும். எங்கயுமே இல்லாத பேரா இருக்கணும். அப்பறம் சர்க்கரையை உப்பாக்கணும். கடைசியா அந்த மூணாவது பேரைச் சர்க்கரையாக்கணும். எங்க ஆபீஸ்ல ஆளாளுக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க. ஒருத்தன் அவன் நாய் பேரை வெச்சிருக்கான்."

"நீ என்ன வெச்சிருக்கே?"

சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில், வரிக்கு வரி, என் பெயர். அதாவது பதிவேட்டில் இருக்கும் பெயர் அல்ல. கல்யாணமான புதிதில் நான் எதற்கோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது அவள் வைத்த பெயர். உம்மணாமூஞ்சி. எங்கள் நாலு சுவருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத பெயர்.

"உலகத்துல வேற பேரே கிடைக்கலையா?"

"வேற எங்கயும் இருக்காதுல்ல? வேலை முடிஞ்சதும் தேடிப் பாப்பேன். ஒண்ணு மிச்சம் இருந்தாலும் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும்."

அப்படியே வாரக்கணக்கில் போனது. நான் காலையில் வண்டி எடுக்கும்போது அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். சாயங்காலம் திரும்பி வந்தால் ஒரு வார்த்தை பேசத் தெம்பிருக்காது. பாத்திரம் கழுவும்போதே ஏதோ வரி ஞாபகம் வந்து ஈரக் கையோடு லேப்டாப்புக்கு ஓடுவாள். அவள் மேனேஜருக்கு அவள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'முடிஞ்சுதா'. மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பக்கம் கெடு, மறுபக்கம் பள்ளிகள், நடுவில் அவர் மாட்டிக்கொண்டு விழிபிதுங்கினார்.

கடைசியில் ஒரே ஒரு வரி நின்றது. அதைப் பற்றித்தான் அவள் தூக்கத்தில்கூடப் புலம்பினாள்.

சில குழந்தைகளுக்கு, இவரிடம் கொடுக்கலாம் என்ற பட்டியலோடு, இவரிடம் கொடுக்கவே கூடாது என்றும் வீட்டார் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்குள் ஆயிரம் இருக்கும், நமக்கெதற்கு? அந்தக் குழந்தைகளுக்கு யார் பெயரைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் வரி அது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. அந்த மகராசன் கடையில் வாங்கிய டப்பா போதாதென்று தானே ஒரு டப்பா செய்து, அதன்மேலும் அதே உப்பு என்ற பெயரை ஒட்டி, உள்ளே சர்க்கரையைப் போட்டு வைத்திருந்தார்.

"அந்த வரி கடை டப்பாவைக் கேக்குதா, அவரோட வீட்டு டப்பாவைக் கேக்குதான்னு பாத்தா தெரியல. கடை டப்பான்னா பேரை மாத்தணும். வீட்டு டப்பான்னா மாத்தவே கூடாது. மாத்தினா தலைகீழாப் போயிரும்" என்றாள்.

"போனா?"

"யார்கிட்ட குடுக்கக் கூடாதோ அவங்க பேரு பச்சையில வரும்."

என் வண்டியிலும் அப்படி ஒரு குழந்தை உண்டு; கொடுக்கக் கூடாத ஆள் யார் என்று எங்களுக்குச் சொன்னதில்லை. ஆயாம்மா அவளைத் தூங்குமூஞ்சி என்பார். ஏறியதும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடும் ஒரு சின்னப் பெண். இறங்கும்போது பாதிக் கண்ணைத் திறந்து யார் கையை நீட்டினாலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

"ஊகமா ஏதாவது வெச்சுத்தான் பாரேன். பாதிக்குப் பாதி சரியா வரும்ல?" என்றேன். இதைச் சொன்னதற்காக இன்றைக்கும் அவளிடம் பேச்சு வாங்குகிறேன்.

"தெரியாத இடத்துல தெரிஞ்ச மாதிரி எழுதறதுக்கு நான் எதுக்கு? அது கம்ப்யூட்டரே செய்யும்" என்றாள். "அந்த வரியில மூணாவது பேரையே விட்டு வெச்சிருக்கேன். அந்தப் பேர்ல கட்டளையே கிடையாது. யாராவது அந்த இடத்துக்குப் போனா ஆப் அப்படியே நின்னுரும். நிக்கட்டும். தேடிக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் கேட்டிருக்கேன்."

ரெண்டு நாள் கிடைக்கவில்லை. மேனேஜர் சோதனைக்கு வைத்திருந்த பொய்க் குழந்தைகளைக் கொண்டு ஆப்பை ஓட்டிப் பார்த்தார். அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கும் 'கொடுக்கக் கூடாத' ஆள் கிடையாது. எல்லாம் பச்சை. அவள் சொன்ன பாக்கி ஏதோ சில்லறை வேலை என்று நினைத்துவிட்டார். கெடு கழுத்தைப் பிடித்தது. அவளிடம் சொல்லாமலே புது ஆப்பை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் மதியம் பள்ளி விட்டு வண்டி கிளம்பியது. ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பிள்ளைகள் இறங்கினார்கள். திரை பழையபடியேதான் இருந்தது. எனக்குப் புது ஆப் வந்ததுகூடத் தெரியாது. தூங்குமூஞ்சியின் ஸ்டாப் வந்தது. எப்போதும் ஓடி வந்து நிற்கும் அவள் அம்மாவைக் காணோம். ஒரு மனிதர் நின்றிருந்தார். சலவை செய்த சட்டை, கையில் ஒரு பொம்மைப் பை.

"நான் அவ அப்பா" என்றார்.

ஆயாம்மா உள்ளே போய்க் குழந்தையை எழுப்பினார். அது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. முகமெல்லாம் மலர்ந்தது. "அப்பா!" என்று இரண்டு கையையும் நீட்டியது.

"பிள்ளையே சொல்லுதே, அப்பாதான். இறக்கி விடறேன்" என்றார் ஆயாம்மா.

நான் பட்டனைத் தட்டப் போனேன். திரையில் குழந்தையின் படம் இருந்தது. அதற்குக் கீழே பச்சை இல்லை, பெயர் இல்லை. ஒரு சிவப்புப் பட்டை. அதில் ஆங்கில எழுத்தில்: உம்மணாமூஞ்சி கிடைக்கவில்லை.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு வந்த வழியிலேயே நின்றது. அந்தப் பெயரை உலகத்தில் ஒருத்திதான் எழுதுவாள். எதற்காக எழுதினாள் என்றும் எனக்குத் தெரியும். 'இந்த இடத்தில் எனக்குத் தெரியவில்லை, தாண்டிப் போகாதே' என்று என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"ஆயாம்மா, பிள்ளைய இறக்காதீங்க. கதவைச் சாத்துங்க."

"என்னங்க இது, அப்பாவை நிக்க வெச்சுக்கிட்டு?"

"சாத்துங்கன்னா சாத்துங்க!"

பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்தியது. பாக்கிப் பிள்ளைகள் கத்தினார்கள். அந்த மனிதர் ஜன்னலைத் தட்டினார். "பெத்த அப்பன்கிட்ட குடுக்க உனக்கென்னய்யா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்ங்க" என்றார். அதைக் கேட்டபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குழந்தை வேறு உள்ளே இருந்து அழ ஆரம்பித்தது. நான் செய்வது பாவமோ என்றுகூடத் தோன்றியது. அவளுக்குப் போன் போட்டேன்.

"உன் உம்மணாமூஞ்சி என் போன்ல வந்து நிக்குது."

"அனுப்பிட்டாரா?" என்றாள். அவ்வளவு சோர்ந்த குரலை நான் கேட்டதில்லை. உடனே குரல் மாறியது. "பிள்ளை எங்க?"

"வண்டிக்குள்ள. அப்பா வந்திருக்கார்."

"குடுக்காதீங்க. யார் வந்தாலும் குடுக்காதீங்க. ஸ்கூல் ஆபீசுக்குப் போடுங்க. நான் மத்த வண்டிகளுக்குச் சொல்றேன்."

பள்ளி ஆபீசில் போனை எடுத்தவர் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: அம்மாவிடம் மட்டும். அப்பாவிடம் கூடவே கூடாது.

அம்மா வந்து சேர்ந்தார். வழியில் பஸ் கெட்டு நின்றுவிட்டதாம், அங்கிருந்து ஓடியே வந்திருக்கிறார். ஒரு கால் செருப்பு அறுந்து கையில் இருந்தது. அந்த மனிதரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவரோ பொம்மைப் பையை வண்டியின் படியில் வைத்துவிட்டு நடந்து போனார். அந்த அம்மா குழந்தையை வாங்கி இறுக்கிக்கொண்டார்.

"போன தடவை கூட்டிட்டுப் போனப்ப எங்க வெச்சிருக்கார்னே தெரியாம அலைஞ்சேங்க. கோர்ட்டுக்குப் போய்த்தான் திரும்ப வாங்கினேன்" என்றார். ஆயாம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் வீட்டுக்கு வந்தபோது இவள் எனக்கு முன்பே வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எச்சரித்ததில் மற்ற வண்டிகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்துவிட்டார்கள். போனில் மேனேஜர். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பள்ளிகளிலிருந்து ஒரே புகார், திரையில் கண்டபடி ஏதோ வார்த்தை வருகிறது, டிரைவர்கள் சிரிக்கிறார்கள் என்றார். அவருக்கும் குரல் கட்டியிருந்தது, பகலெல்லாம் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டாரோ.

"இனிமே இந்த மாதிரி விளையாட்டுப் பேரெல்லாம் வேண்டாம்மா" என்றார்.

"சரி சார்."

"அந்த வரி முடிஞ்சுதா?"

"இன்னைக்கு முடிஞ்சிரும் சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சரி சார்? அந்தப் பேர் இல்லேன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்னு சொல்ல வேண்டியதுதானே! வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

"சொன்னா மட்டும்? நாளைக்கு அவங்களுக்கு எல்லாம் நேத்து மாதிரி ஓடணும். அவ்வளவுதான்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

நான் டீ போட்டுக் கொண்டு வந்து வைத்தேன். அது ஆறிப்போனது. இந்தத் தடவை அவள் கோபப்படக்கூட இல்லை. ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று அந்தப் பழைய மனிதர் போன தடத்திலேயே போய்க்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கியதும் நான் எழுந்து விளக்கைப் போட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் கை கீபோர்டு மேலே அசையாமல் இருந்தது.

"வீட்டு டப்பாதாங்க" என்றாள். "பேரை மாத்தவே கூடாது."

"நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது? நான் ஊகிச்சிருந்தா கடை டப்பான்னுதான் வெச்சிருப்பேன். மத்த எல்லா இடத்துலயும் அதுதானே. கண்ணை மூடிட்டு மாத்திட்டுப் போயிருப்பேன். அந்த அப்பா பேரு பச்சையில வந்திருக்கும். படத்தோட வந்திருக்கும். நீங்களே இறக்கிக் குடுத்திருப்பீங்க."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பட்டை கட்டிய அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். என் பெண்டாட்டியை நினைத்துப் பெருமையாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. வாய்விட்டே சொன்னேன். "உன்னாலதான் அந்தப் பிள்ளை இன்னைக்கு வீட்ல இருக்கு." கேட்டாளா இல்லையா தெரியாது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த ஒரு பெயரை எடுத்துவிட்டுப் பழையதையே வைத்தாள். பிறகு ஆப் முழுவதும் உம்மணாமூஞ்சியைத் தேடினாள். கிடைக்கவில்லை என்று வந்தது. மறுபடியும் தேடினாள். லேப்டாப்பை மூடினாள். என்னைப் பார்த்து, "இனிமே வீட்ல மட்டும்தான்" என்றாள்.

மறுநாள் மதியம் தூங்குமூஞ்சியின் ஸ்டாப்பில் திரையில் குழந்தையின் படம் வந்தது. கீழே பச்சை எழுத்தில் அம்மாவின் பெயர். அம்மா புதுச் செருப்போடு முன்னமே வந்து நின்றிருந்தார்.

"இன்னைக்கு எல்லாம் பழையபடி ஆயிருச்சு. தானாவே சரியாயிருச்சு போல" என்றார் ஆயாம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது. இவள்தான். வேலை நேரத்தில் கூப்பிடுகிற பழக்கமே இல்லாதவள்.

"இறங்கிட்டாளா?"

"இறங்கிட்டா."

"யார் கையில?"

"அம்மா கையில. பச்சையில வந்துச்சு."

"திரையை விடுங்க. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

வைத்துவிட்டாள். ஒரு வாரத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. ஆப்பில் ஒரு குறையும் இல்லை, முடிஞ்சுதாவே அதை மறந்துவிட்டார், அவள் மேஜைக்கு அடுத்த பழசும் வந்தாயிற்று. ஆனாலும் பள்ளிக்கூடம் இருக்கும் நாளெல்லாம் அந்த ஸ்டாப்பில் போன் அடிக்கிறது. நான் எடுத்து, "அம்மா கையில" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறேன்.